ஹைகோர்ட் முதல் கன்னிமாரா வரை... சிவப்பு சென்னையைக் கட்டிய நம்பெருமாள் செட்டி யார்?

விருத்தாசலம்னு சொன்னாலே பீங்கான்தான் ஞாபகம் வரும். கொலு பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை என மண்ணைச் சுட்டுப் பிழைக்கிற ஊர் அது. சுட்ட மண்ணால் ஒரு நகரத்தோட முகத்தையே மாற்ற முடியுமா? சுமார் 130 வருஷத்துக்கு முன்னாடி சென்னையில் அதுதான் நடந்தது. அந்த வேலையை முன்நின்று செய்தவர் தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டி.

1856ல் பிறந்தவர் இவர். தொழில், கட்டிட கான்ட்ராக்ட். சிஸ்ஹோம், இர்வின் ஆகிய வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட்களின் பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆனால் அவங்க வரைந்தது பேப்பரில்தானே இருந்தது? செங்கல், சுண்ணாம்பு, மரம், ஆள் எல்லாத்தையும் சேர்த்து அதை எழுப்பி நிறுத்தும் பொறுப்பு செட்டியுடையது.

சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹால் அப்படி எழுந்ததுதான். 1883ல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். டிசைன் சிஸ்ஹோம். ஊர் மக்கள் கூடிப் பேச, நாடகம் பார்க்க ஒரு டவுன் ஹால் வேணும் என்று நன்கொடை திரட்டிக் கட்டியது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது இங்கேதான். 1897ல் விவேகானந்தர் பேசினார். 1916ல் நீதிக்கட்சிக்கு விதை போட்ட கூட்டமும் இதே இடத்தில்தான். தமிழ்நாட்டு அரசியல் திசை மாறிய இடம்னு தாராளமா சொல்லலாம்.

அடுத்து ஹைகோர்ட். 1888ல் ஆரம்பித்து 1892ல் திறந்தாச்சு. இரும்பு உத்தரம் போன்ற சிலதைத் தவிர பெரும்பாலான பொருள் உள்ளூர்ச் சரக்குதான். செங்கலும் டெரகோட்டா வேலைப்பாடும் அரசு சூளையில் சுட்டவை. அலங்கார ஓடுகள் சென்னை கலைப் பள்ளியில் இருந்து வந்தவை. இன்னைக்கு விருத்தாசலத்துக்காரங்க பார்த்தாலும் இந்த வேலையின் அருமை புரியும்.

எழும்பூரில் 1896ல் திறந்த கன்னிமாரா நூலகமும் இவர் கைவேலைதான். அதே வளாகத்தில் இருக்கும் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு மட்டும் செங்கலை விட்டுட்டு சத்தியவேடு இளஞ்சிவப்புக் கல்லைக் கொண்டு வந்தார்கள். வாசல் அப்படியே ஃபத்தேபூர் சிக்ரி சாயல்.

பணம் சேர்ந்தது. சேத்துப்பட்டில் ஏகப்பட்ட நிலம், பங்களாக்கள், திவான் பகதூர் பட்டம். சென்னையில் சொந்தமாகக் கார் வாங்கிய முதல் இந்தியர் இவர்தான் என்பார்கள், நம்பர் எம்.சி.3. ஆனால் அந்த பங்களாக்களில் இரண்டு இன்னைக்கும் பேசப்படுவதற்குக் காரணமே வேறு.

1920ல் உடம்பு ரொம்ப முடியாமல் இருந்த கணிதமேதை ராமானுஜனுக்குத் தங்க இடம் கொடுத்தவர் செட்டி. முதலில் கிரைனன்ட் என்ற வீடு. ஆங்கிலத்தில் அழுகையைக் குறிக்கும் சொல் அந்தப் பேரிலேயே இருக்கு, அபசகுனம் என்று ராமானுஜன் சங்கடப்பட்டதாகச் சொல்வதுண்டு. அதனால் பக்கத்திலேயே கோமெட்ரா என்ற வீட்டுக்கு மாற்றினார்கள். படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போட்டார். ஏப்ரல் 26ஆம் தேதி, அந்த வீட்டில்தான் உயிர் பிரிந்தது. வயசு 32.

செட்டி 1925ல் காலமானார். அவருக்காகச் செங்கல் அடுக்கிய கொத்தனார், சித்தாள் பேர்கூட நமக்குத் தெரியாது. அது இன்னும் பெரிய மறதி.

மக்கள் காசில் மக்களுக்காகக் கட்டிய பப்ளிக் ஹாலோ பல வருஷம் பூட்டியே கிடந்தது. 2023ல்தான் மாநகராட்சி புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கியது. கன்னிமாராவுக்கு அந்தக் கதி வரலை. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பசங்க இன்னைக்கும் புத்தகத்தோட அங்கே போய் உட்கார்றாங்க.