களிமண்ணில் பிறந்த மகிழுந்துகள்

நெகிழி மாதிரி மகிழுந்துக்குச் சாயம் தெளித்துப் பார்த்திருக்கிறீர்களா? தெளிப்புக் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். மெல்லிய பூச்சாகத் தெளித்து, காயவிட்டு, மறுபடியும் தெளிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே முறையில் தெளித்தால் சாயம் வழிந்துவிடும். பளபளப்பு ஏறிய பிறகுதான் ஒரு வேடிக்கை நிகழும். அதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறலும் மேடும் பள்ளமும் பளிச்சென்று தெரியும்.

சாயத் தெளிப்புக் குப்பி 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவானது. ஆனால், மாதிரி மகிழுந்துக்குச் சாயம் பூசி, அதை உண்மையான வண்டிபோல் காட்டி, ஒரு பெரிய நிறுவனத்தின் போக்கையே மாற்றிய மனிதர் அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே வாழ்ந்தார். அவர்தான் ஹார்லி எர்ல்.

எர்ல் 1893ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஹாலிவுட்டில் பிறந்தார். தந்தை குதிரை வண்டிகள் செய்பவர். மகிழுந்துகள் சாலைக்கு வந்ததும், அவர் அவற்றுக்கு வேண்டிய மேற்கூடுகளைச் செய்யத் தொடங்கினார். எர்லுக்குப் பதினாறு வயது இருக்கும்போது, கோடை விடுமுறையைக் கழிக்க மலைப்பகுதிக்குச் சென்றார். அங்குப் பெருமழை பெய்தது. மழையில் ஊறிக் கிடந்த களிமண்ணைக் கண்டதும் அவருக்குக் கை துறுதுறுத்தது. தம் சகோதரரோடு சேர்ந்து மகிழுந்து உருவங்களைப் பிசைந்து செய்தார். அந்த விளையாட்டே பின்னாளில் அவருடைய தொழில்முறையாயிற்று.

பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காமலே தந்தையின் பட்டறைக்குத் திரும்பிய எர்ல், திரைப்பட நடிகர்களுக்காகத் தனித்தன்மையான வண்டிகளை வடிவமைத்தார். மற்றவர்கள் தாளில் வரைந்தார்கள். மரத்தையும் தகட்டையும் வளைத்துப் பார்த்தார்கள். எர்லுக்கு ஓவியத்தில் பெரிய தேர்ச்சி இல்லை. அவர் களிமண்ணையே நம்பினார். வெட்டிய மரத்தை மீண்டும் ஒட்ட முடியாது. களிமண்ணிலோ, வேண்டாததைச் சுரண்டி எடுக்கலாம். போதாத இடத்தில் அப்பிக்கொள்ளலாம். வளைவுகளை விருப்பம்போல் மாற்றலாம்.

அக்காலத்தில் மகிழுந்துக்கு நிறம் பூசுவதே பெரும்பாடாக இருந்தது. வண்ணச் சாயம் காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு நிறுவனம் 1914 முதல் 1925 வரை தன் புகழ்பெற்ற டி மாதிரி வண்டிகளைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது. 1920களில் டூப்பான் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து டூக்கோ என்னும் புதுவகைச் சாயத்தைக் கொண்டுவந்தன. தெளிப்பானால் அடிக்கத்தக்க அந்தச் சாயம் விரைவில் உலர்ந்தது. 1924ஆம் ஆண்டின் ஓக்லண்ட் வண்டிகள் நீல நிறத்தில் மின்னின. நிறம் வந்துவிட்டது. ஆனால், வண்டியின் உருவமோ பெட்டிகளை அடுக்கி வைத்தாற்போல் இருந்தது.

அந்நிலையில்தான் கேடிலாக் பிரிவின் தலைவர் லாரன்ஸ் ஃபிஷர், எர்லின் களிமண் வேலையை நேரில் கண்டு வியந்தார். 1926ஆம் ஆண்டில் எர்ல் டெட்ராய்ட் நகருக்கு அழைக்கப்பட்டார். லசால் என்னும் புதிய மகிழுந்துக்கு அவர் உருவம் தர வேண்டும். அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதுவரை தனி ஆள்களுக்கு ஒன்றிரண்டாக வண்டி செய்தவர், ஆயிரக்கணக்கில் விற்கப்போகும் வண்டிக்கு உருவம் தருவது எளிதா? பிடிக்கவில்லை என்று ஒரு சொல் வந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

எர்ல் உண்மை வண்டியின் அளவிலேயே களிமண் மாதிரிகளைச் செய்தார். அவற்றின்மேல் டூக்கோ சாயத்தைப் பூசி மெருகேற்றினார். பார்த்தவர்களுக்கு அவை ஓட்டிச் செல்ல ஆயத்தமாக நிற்கும் மகிழுந்துகளாகவே தோன்றின. நிறுவனத் தலைவர் ஆல்ஃபிரட் சுலோனுக்கு அவை மிகவும் பிடித்துவிட்டன. 1927ஆம் ஆண்டு லசால் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு, கலை மற்றும் வண்ணப் பிரிவு என்ற புதிய பிரிவு தொடங்கப்பட்டு, எர்ல் அதன் தலைவரானார்.

ஆனால், பொறியியலாளர்கள் பலர் அவரை விரும்பவில்லை. அவருடைய பிரிவை அழகு நிலையம் என்று கேலி செய்தனர். 1929ஆம் ஆண்டின் பியூக் வண்டியில் எர்ல் தந்த உருவத்தைத் தொழிற்சாலையில் மாற்றினார்கள். அதனால் வண்டியின் பக்கங்கள் புடைத்துத் தெரிந்தன. மக்கள் அதைக் கருவுற்ற வண்டி என்று சிரித்தார்கள், விற்பனையும் சரிந்தது. பழி எர்லின்மேல் விழுந்தது. ஆயினும், சுலோன் அவரைக் கைவிடவில்லை.

1938ஆம் ஆண்டில் எர்ல் உருவாக்கிய பியூக் ஒய்-ஜாப், விற்பனைக்காகச் செய்யப்பட்டதன்று. எதிர்கால மகிழுந்து எப்படி இருக்கலாம் என்று காட்டுவதற்கே அது செய்யப்பட்டது. அந்தக் கறுப்பு வண்டியை அவரே பல ஆண்டுகள் ஓட்டித் திரிந்தார்! இரட்டை வால் கொண்ட பி-38 போர் விமானத்தின் தாக்கத்தால், 1948ஆம் ஆண்டின் கேடிலாக் வண்டிக்குப் பின்புறத்தில் சிறு துடுப்புகள் முளைத்தன. 1953ஆம் ஆண்டில் கார்வெட் வந்தது. கண்ணாடி இழையால் வலுவூட்டப்பட்ட நெகிழியால் ஆன அதன் கூட்டுக்கு வெள்ளைச் சாயம் பூசப்பட்டது. அவ்வாண்டில் 300 வண்டிகளே செய்யப்பட்டன.

ஆறடிக்கும் மேல் உயரமான எர்ல் அறைக்குள் நுழைந்தாலே பணியாளர்கள் நடுங்குவார்கள் என்பர். அவருடைய வண்டிகளும் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போயின. பளபளக்கும் குரோமியப் பட்டைகள் அளவுக்கு மீறின.

அவர் பணியாற்றிய நிறுவனத்தின் ஃபிஷர் கூட்டுப் பிரிவு, 1930 முதல் இளையோருக்காக மாதிரி செய்யும் போட்டி ஒன்றை நடத்திவந்தது. முதலில் அரச குதிரை வண்டியின் மாதிரி. பின்னர் மாணவர்களே கற்பனை செய்த மகிழுந்துகள். உண்மை அளவில் பன்னிரண்டில் ஒரு பங்காக மாதிரியைச் செய்து, தேய்த்து, சாயம் பூசி அனுப்ப வேண்டும். பரிசு, கல்வி உதவித்தொகை. 1947ஆம் ஆண்டில் அதில் முதற்பரிசு வென்ற சக் ஜோர்டன் என்னும் இளைஞர், பின்னர் எர்லின் பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

1956ஆம் ஆண்டில் எர்ல் ஐரோப்பாவுக்குச் சென்றிருந்தார். அப்போது ஜோர்டன், போட்டி நிறுவனமான கிரைஸ்லரின் புதிய வண்டிகளை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டார். அவை மெலிந்து, தாழ்ந்து, அம்புபோல் இருந்தன. செய்தியைக் கேட்ட சக வடிவமைப்பாளர்களும் போய்ப் பார்த்தார்கள். எர்ல் சொல்லிச் சென்ற வடிவங்களை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை வரையத் தொடங்கினார்கள். அந்நாளில் அது சிறு துணிச்சல் அன்று. எர்ல் திரும்பி வந்தார். சுவரில் இருந்தவற்றைப் பார்த்தார். எல்லாரும் இடிமுழக்கத்தை எதிர்பார்த்தார்கள். அவர் யாரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை. புதிய வடிவங்களையே ஏற்றுக்கொண்டார்.

எர்ல் 1958ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றார். 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் ஃபுளோரிடாவில் தம் எழுபத்தைந்தாம் வயதில் காலமானார். கார்வெட்டின் நெகிழி மாதிரிகள் இன்றும் சாயம் பூசப்படாமல், பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கடைகளில் விற்கப்படுகின்றன.