நீதியரசர் கில்வோடன்

ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்று எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிடிச்சுக்கொண்டு போன ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கிற மனு. அப்படியொரு மனுவுக்காக இராணுவத்தோடேயே மோதிய ஐரிஷ் நீதியரசர் ஒருவரைப் பற்றி நான் வாசித்தறிந்ததை இந்தப் புத்தாண்டு மலரில் எழுதுகிறேன்.

அவருடைய பெயர் ஆதர் வூல்வ். 1739 இல் அயர்லாந்தின் கில்டெயார் பகுதியில் பிறந்தவர். டப்ளினில் படித்துச் சட்டத்தரணியானார். 1787 இல் சொலிசிற்றர் ஜெனரல், 1789 இல் சட்டமா அதிபர், 1798 இல் பிரதம நீதியரசர் என்று உயர்ந்தார். கில்வோடன் பிரபு என்ற பட்டமும் கிடைத்தது. அப்போது அயர்லாந்து பிரித்தானிய முடியின் கீழ் இருந்தது. இவர் அரசாங்கத்தின் ஆள்தான். விடுதலை கேட்ட ஐக்கிய ஐரிஷ்காரர் இயக்கத்துக்கு எதிரான வழக்குகள் இவர் சட்டமா அதிபராக இருந்த காலத்தில்தான் நடந்தன. அதை மறைச்சுப்போட்டு இவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

1798 இல் பெரிய கிளர்ச்சி நடந்தது. இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான வூல்வ் ரோன் பிரெஞ்சுக் கப்பலில் வந்து பிடிபட்டார். இராணுவ நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. நவம்பர் 12 ஆம் திகதி தூக்கு. அன்று காலையில் சட்டத்தரணி கறன் கில்வோடனின் நீதிமன்றத்துக்கு வந்தார். நாட்டில் நீதிமன்றங்கள் இயங்கும்போது, பிரித்தானியப் படையில் இல்லாத ஒருவரை இராணுவம் விசாரிக்க ஏலாது என்று வாதாடினார். கில்வோடன் சுணங்கவில்லை. உடனே கட்டளை பிறப்பித்தார். இராணுவம் கீழ்ப்படிய மறுத்தது. அப்படியென்றால் ரோனையும், அவரை வைத்திருக்கிற அதிகாரியையும் சேர்த்துப் பிடிச்சுக்கொண்டு வாருங்கள் என்றார்! ஆனால் ரோன் அதற்கு முன்பே சிறையில் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டார். தூக்கு நிறுத்தப்பட்டாலும் ஒரு கிழமைக்குள் அவர் இறந்துபோனார்.

ஐந்து வருடம் கழித்து, 1803 யூலை 23 ஆம் திகதி, றொபேட் எமெற் டப்ளினில் ஒரு கிளர்ச்சி தொடங்கினார். அன்றிரவு மகளோடும் பெறாமகனான பாதிரியாரோடும் கில்வோடன் குதிரை வண்டியில் நகருக்குள் வந்தார். தோமஸ் வீதியில் கூட்டம் வண்டியை மறித்து, அவரையும் அந்தப் பாதிரியாரையும் ஈட்டியால் குத்தியது. மகளை மட்டும் விட்டுவிட்டார்கள். வேறொரு நீதிபதியென்று ஆள் மாறிக் குத்தினவை என்றும் ஒரு கதை உண்டு.

உயிர் போகிற நேரத்தில், குத்தினவர்களைத் தூக்க வேணும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கத்தினாராம். முறையான விசாரணை இல்லாமல் ஒருவரும் சாகக்கூடாது என்று கில்வோடன் சொன்னதாகச் சொல்கிறார்கள். எமெற் பிடிபட்டு, நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, செப்டெம்பர் 20 ஆம் திகதி அதே தோமஸ் வீதியிலேயே தூக்கிலிடப்பட்டார். அவருக்கு வயது 25.

விசாரணை இல்லாமல் போன உயிர்கள் எங்களிலும் எத்தனை? எதிரியாலும் போனது, எங்கட ஆக்களாலும் போனது. தன்னைக் குத்தினவனுக்கும் சட்டம் வேணும் என்று கேட்ட அந்த மனிதரை எங்கட பிள்ளைகளும் அறிஞ்சிருக்க வேணும்.