சாண்டோ: மெல்ல மெல்ல ஏற்றிய பலம்



சாண்டோ என்றதும் நமக்கு யார் ஞாபகம் வருகிறது? சினிமாப் படம் எடுத்த சாண்டோ சின்னப்பா தேவர்தான். ஆனால் அந்த சாண்டோ என்பது ஒரு வெள்ளைக்காரப் பயில்வானின் பெயர். வங்காளத்தில் முண்டா பனியனையே சாண்டோ என்றுதான் சொல்லுகிறார்கள். அவ்வளவு தூரம் பரவிய பெயர் அது. இன்று ஜிம்முக்குப் போகும் நாம் ஒவ்வொருவரும் அவர் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யூஜின் சாண்டோ 1867 ஏப்ரல் 2-ம் தேதி பிரஷ்யா நாட்டில் கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். சிறு வயதில் தான் நோஞ்சானாக இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். வாலிப வயதில் ஊரை விட்டுக் கிளம்பி சர்க்கஸில் சேர்ந்தார். பிரஸ்ஸல்ஸ் நகரில் அட்டிலா என்ற குரு கிடைத்தார். எடை தூக்கும் முறையை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

1889-ல் லண்டன் மேடையில் சாம்சன் என்ற பெயர்பெற்ற பயில்வானைப் போட்டியில் ஜெயித்தார். ஒரே ராத்திரியில் ஊரெல்லாம் அவர் பேச்சுதான். 1893-ல் அமெரிக்காவில் சிகாகோ கண்காட்சி சமயத்தில் அவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1894-ல் எடிசன் கம்பெனி அவரைச் சலனப்படம் எடுத்தது. அதே வருஷம் சான்பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு மல்லுக்கட்டினார். ஆனால் சிங்கத்தின் வாய்க்குக் கூடு, பாதங்களுக்கு உறை எல்லாம் மாட்டிய பிறகுதான் இறங்கினார்! நம்ம ஒர்க்‌ஷாப்பில் மெஷினுக்கு கார்டு போடுகிறோமே, அது மாதிரி. வீரம் வேறு, விவரங்கெட்டதனம் வேறு என்று தெரிந்த மனுஷர்.

1897-ல் லண்டனில் உடற்பயிற்சிக் கூடம் ஆரம்பித்தார். அங்கேதான் அவருடைய உண்மையான பெருமை இருக்கிறது. மேடையில் ஆளையும் குதிரையையும் சுமந்தவர், சீடர்களுக்குக் கொடுத்தது சில பவுண்டு எடையே உள்ள டம்பெல்தான். வயதுக்குத் தக்கபடி அட்டவணை போட்டார். இன்றைக்கு இத்தனை தடவை, சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாகத்தான் ஏற்றச் சொன்னார். கண்ணாடி முன் நின்று, எந்தத் தசை வேலை செய்கிறதோ அதில் மனசை வை என்றார். நடுவில் ஸ்பிரிங் வைத்த டம்பெல்லையும் கொண்டுவந்தார். பலத்துக்கு ஏற்ப ஸ்பிரிங்கைக் கூட்டலாம், குறைக்கலாம்.

1901-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய உடலழகுப் போட்டிக்கு, ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதிய கானன் டாயிலும் ஒரு நடுவர். 1904-05-ல் நம் இந்தியாவுக்கும் வந்து பல ஊர்களில் வித்தை காட்டினார். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தமது உடற்பயிற்சி ஆசானாக நியமித்தார்.

1925 அக்டோபர் 14-ல், 58 வயதில் காலமானார். பள்ளத்தில் விழுந்த காரைத் தனியாளாகத் தூக்கியதால்தான் செத்தார் என்று ஒரு கதை உண்டு. இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியதுதான் காரணம் என்று பதிவு சொல்கிறது. எதை எடுத்தாலும் நமக்குப் பாடம் இருக்கிறது. கட்டுமஸ்தான உடம்புக்குள்ளும் கோளாறு ஒளிந்திருக்கலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். அவருடைய கல்லறையில் பல்லாண்டுகள் பெயர்கூட இல்லை. ஆனால் 1977-லிருந்து மிஸ்டர் ஒலிம்பியா ஜெயித்தவர் கையில் கொடுப்பது சாண்டோ சிலைதான்!

நண்பர்களே, ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மெதுவாக ஏற்றும் லோடைவிட, அதே லோடைத் திடீரென்று போட்டால் ஸ்ட்ரெஸ் இரண்டு மடங்கு. ஸ்டீல் கம்பிக்கே இந்தக் கதி என்றால் நம்ம தோள்பட்டை எம்மாத்திரம்? ஆண்டு விழாவுக்கு இன்னும் பதினைந்து நாள்தான் என்று அவசரப்பட்டு, பக்கத்தில் இருப்பவன் போட்ட பிளேட்டைப் பார்த்து நாமும் மாட்டினால் முதலில் பிய்வது தசைநார்தான்.

பத்து நிமிஷம் உடம்பைச் சூடேற்றுங்கள். தரையிலிருந்து தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். பெஞ்சில் படுத்துத் தூக்கும்போது தலைமாட்டில் ஒரு ஆள் நிற்கட்டும். சுரீர் என்று வலித்தால் உடனே நிறுத்துங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பஞ்சு பேல் இறக்குகிறவர். ஒரு பேல் 170 கிலோ. நாலு பேர் சேர்ந்து, சத்தம் கொடுத்து, ஒரே மூச்சில்தான் புரட்டுவார்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி போச்சு, வீட்டில் உலை வைப்பதும் கஷ்டம். நம்மில் பலர் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாளைக்கு ஃபைல் பிடிக்கவும் லேத் ஓட்டவும் இந்தக் கைதான் நமக்கு மூலதனம். மெஷினுக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்கும், மூட்டுக்குக் கிடைக்குமா?

பக்கத்து சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி நாலா ஊருக்கும் போகட்டும். நம் தோளுக்கு மட்டும் வர வேண்டாம்!

– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்