ஐடா ஸ்கடர் அம்மையார்

பிறர் துயர் தீர்க்கப் புகுவோர்க்கும் துயர் உண்டு. அதனை உணர்ந்து மாணாக்கரைப் பயிற்றும் ஆசிரியர் சிலரே. அத்தகையோருள் ஒருவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவ ஊழியர். எனினும் அவ்வூழியத்தை ஏற்க அவர் விரும்பினாரல்லர். அமெரிக்காவிற் கல்வி பயின்று, நோயுற்ற அன்னைக்கு உதவவே திண்டிவனம் வந்தார். அங்கு ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராய் வந்து, பிரசவ வேதனையுற்ற தத்தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்தம் வழக்கம் இடந்தரவில்லை. அம்மையாரோ மருத்துவம் அறியாதவர். விடிந்தபோது மூன்று மாதரும் இறந்தனர். கைவிரித்து நின்ற அவ்விரவே அவர் வாழ்வை மாற்றிற்று.

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் இந்தியா திரும்பினார். 1902-இல் வேலூரில் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது. 1909-இல் தாதியர் பயிற்சியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. பெண்கள் இக்கல்வியில் தேறுவரோ என ஐயுற்றோர் பலர். முதலாண்டுத் தேர்வு எழுதிய 14 மாணவியரும் தேறி அவ்வையத்தை நீக்கினர்.

அவர் தாமே பாடஞ் சொன்னார். நோயாளியின் படுக்கையருகே மாணவியரோடு நின்றார். சாலையோர மரநிழலில் மருத்துவம் செய்தார். மரணத்தை முதன்முறை காணும் இளம்பெண்ணுக்கு, அதனைப் பன்முறை கண்ட ஒருவர் அருகிருத்தல் எத்துணைப் பெருந்துணை! ஓய்வையும் விளையாட்டையும் அவர் கடமைக்குப் பகையென எண்ணினாரல்லர். முதுமையிலும் டென்னிஸ் ஆடினார். கோடைக்கானல் மலையில் இளைப்பாறினார். உடலையும் உள்ளத்தையும் பேணுதலும் தொண்டின் ஒரு கூறே என்பதை அவர் வாழ்வே கற்பித்தது.

பள்ளி பட்டக் கல்லூரியாக உயராவிடின் மூடப்படும் என்னும் நிலை வந்தபோது, எழுபது வயது கடந்தும் அமெரிக்கா சென்று பொருள் திரட்டினார். 1942-இல் பல்கலைக்கழக இணைப்புக் கிட்டியது. 1946-இல் ஓய்வு பெற்ற அம்மையார் 1960-இல் கோடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

இன்று தாம்பரத்திலும் சுற்றுப்புறங்களிலும் உளநல ஆலோசனைப் பயிற்சி பெறும் நண்பர்காள்! நும்மிடம் வருவோர் உரைக்கும் துயரம் நும் நெஞ்சிலும் தங்கும். அதனை மறைத்துச் சுமவாதீர். நும் மேற்பார்வையாளரிடம் உரைமின். மேற்பார்வையாளர்களும் பயிற்சியின் குறைநிறைகளை ஆராய்வதோடு அமையாது, பயில்வோர் உண்டனரா, உறங்கினரா, உள்ளம் சோர்ந்தனரா என்றும் வினவுவாராக. தனியே கைவிரித்து நின்ற ஓரிளம்பெண், பின்னாளில் எண்ணற்ற இளம்பெண்கள் அவ்வாறு நில்லாதபடி செய்தார். அவர் காட்டிய நெறி அதுவே.