வீட்டில் இகழப்பட்ட சிறுமி: எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார்

தாயைத் தெய்வமாகப் போற்றுவது நம் மரபு. அம்மரபு நல்லதே. ஆயினும் எல்லாத் தாய்மாரும் தம் மக்களுக்கு நிழலாக அமைந்துவிடுவதில்லை. பெற்றவள் வாயாலேயே இகழ்ச்சி கேட்டு வளர்ந்தோர் நம்மிடையே பலர் உளர். வெளியே சொன்னால் தாய்க்குப் பழி. சொல்லாதிருந்தால் தமக்கு வேதனை. இவ்விரண்டுக்கும் நடுவே அவர்கள் வாய்மூடி வாழ்கின்றனர். அத்தகைய அன்பர்களை எண்ணியே எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரின் வாழ்க்கையை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எலினார் 1884ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் நியூயார்க் நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தாள். தந்தை எலியட் ரூஸ்வெல்ட், பின்னர் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய தியோடர் ரூஸ்வெல்ட்டின் தம்பியாவார். தாய் அன்னா, அந்நகரத்து உயர்குடியினரிடையே அழகுக்குப் பேர்போனவர். மகளுக்கு அவ்வழகு வாய்க்கவில்லை. அதனால் உண்டான ஏமாற்றத்தைத் தாய் மறைத்துக்கொள்ளவும் இல்லை. சிரிப்பின்றி ஒதுங்கி நின்ற அச்சிறுமிக்குப் பாட்டி என்று பட்டப்பெயர் சூட்டினார். விருந்தினர் முன்னிலையிலும் அப்பெயரையே சொல்லி அழைத்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று குழந்தை கூனிக் குறுகினாள். மாலை வேளையில் தாய் தம் ஆண்மக்களோடு கொஞ்சி மகிழ, எலினார் வாயிற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்னாவுக்குக் கடுமையான தலைவலி அடிக்கடி வரும். அப்போது எலினார் அவர் தலைமாட்டில் அமர்ந்து நெற்றியை நெடுநேரம் வருடிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில்தான் அவள் தாய்க்கு வேண்டியவளாக இருந்தாள். பிறருக்குப் பயன்பட்டால்தான் தன்னை நேசிப்பார்கள் என்னும் எண்ணம் அவள் உள்ளத்தில் வேரூன்றியது இங்கேதான். அன்பு என்பது குழந்தைக்குப் பிறப்புரிமை. இக்குழந்தைக்கோ அது உழைத்துப் பெறவேண்டிய கூலியாயிற்று.

தந்தை மகளை உயிராக நேசித்தார். ஆனால் அவர் மதுவுக்கு அடிமை. குடும்பத்தை விட்டு விலகி வாழ நேர்ந்தது. 1892 டிசம்பரில் அன்னா தொண்டை அடைப்பான் நோயால் தமது 29ஆம் வயதில் மாண்டார். எட்டு வயது எலினாருக்கு அச்செய்தி துயரம் தரவில்லை. தந்தை திரும்பி வருவார் என்ற மகிழ்ச்சியே மேலோங்கியது. இதனைப் பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது அம்மையார் ஒளிக்காமல் கூறியுள்ளார். தாய் இறந்தும் அழாத குழந்தையைக் கல்நெஞ்சம் உடையவள் என்று நாம் பழிப்போமாயின், பிழை நம்முடையதே. அடுத்த ஆண்டே தம்பியருள் ஒருவன் இறந்தான். 1894இல் தந்தையும் மறைந்தார். பத்து வயது நிறையும் முன்னரே எலினார் அநாதையாகி, தாய்வழிப் பாட்டியின் வீட்டில் வளர்ந்தாள்.

1899இல் அவளை இங்கிலாந்துக்கு அனுப்பினர். இலண்டன் மாநகருக்கு அருகே மாரி சுவெஸ்தர் என்னும் பிரெஞ்சு மாது நடத்திய பெண்கள் பள்ளியில் அவள் மூன்றாண்டுகள் பயின்றாள். அவ்வாசிரியை எலினாரின் முகத்தைப் பார்க்கவில்லை. அறிவையும் பரிவையும் பார்த்தார். தமக்கென ஒரு கருத்துக் கொள்ளவும் அதனை அஞ்சாது உரைக்கவும் பழக்கினார். விடுமுறையில் ஐரோப்பிய நாடுகளுக்குத் தம்முடன் அழைத்துச் சென்று, பயணச்சீட்டு வாங்குவது முதல் எல்லா ஏற்பாடுகளையும் அவளிடமே ஒப்படைத்தார். வீட்டில் எதற்கும் உதவாதவளென்று கருதப்பட்டவள் அங்கே தோழியரின் அன்புக்கு உரியவளானாள். பெற்ற தாய் தராததை வேறொருவர் தரக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அவ்வாசிரியையின் படத்தை அம்மையார் தம் வாழ்நாள் முழுதும் மேசைமேல் வைத்திருந்தார்.

தாயகம் திரும்பிய எலினார் நியூயார்க்கின் ஏழை மக்கள் வாழும் பகுதியில், குடியேறிகளின் குழந்தைகளுக்குக் கற்பிக்கலானார். 1905இல் உறவினரான பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டை மணந்தார். இனித் துன்பம் தீர்ந்தது என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். அவ்வாறு நிகழவில்லை. மாமியார் சாரா குடும்பத்தின் ஆட்சியைத் தம் கையிலேயே வைத்திருந்தார். மகனுக்கென்று ஒரு வீடும் தமக்கென்று அடுத்த வீடுமாகக் கட்டி, இரண்டுக்கும் இடையே கதவுகள் அமைத்தார். அம்மையார் ஆறு மக்களைப் பெற்றார். ஒன்று கைக்குழந்தையாகவே இறந்தது. தாய்மை இன்னதென்று தமக்கு எவரும் காட்டாததால், குழந்தைகளைச் செவிலியரிடமும் மாமியாரிடமும் விட்டுவிட்டார். தாம் நல்ல தாயாக இருக்கத் தவறியதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். நெஞ்சில் பட்ட புண், பட்டவரோடு நின்றுவிடுவதில்லை. கவனியாது விட்டால் அடுத்த தலைமுறையையும் தொடும். இதனை மறைத்துப் புகழ் மட்டும் பாடுவது மெய்வரலாறு ஆகாது.

1918இல் கணவர் வேறொரு பெண்ணை நேசிப்பதைக் கடிதங்களால் அறிந்து அம்மையார் இடிந்துபோனார். 1921இல் கணவர் இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் இயக்கத்தை இழந்தார். வீட்டோடு அடங்கிக் கிடக்க வேண்டுமென்று தாயார் சாரா வற்புறுத்த, அவர் பொதுவாழ்வுக்குத் திரும்பவேண்டும் என்று அம்மையார் உறுதியாக நின்றார். மேடையில் நடுங்கிய அவர் பேசக் கற்றார். அஞ்சி அஞ்சி வளர்ந்தவர், அஞ்சியதைச் செய்து செய்தே அச்சத்தை வென்றார்.

1933 முதல் 1945 வரை பிராங்கிளின் குடியரசுத் தலைவராயிருந்தபோது, அம்மையார் வெள்ளை மாளிகையில் அலங்காரப் பதுமையாக அமர்ந்திருக்கவில்லை. சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளுக்குச் சென்றார். 1935 இறுதியில் தொடங்கிய நாளிதழ்ப் பத்தியை ஏறத்தாழ 27 ஆண்டுகள் எழுதினார். 1938இல் பர்மிங்காம் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே அமரவேண்டும் என்று காவலர் கட்டளையிட்டனர். அம்மையார் தம் நாற்காலியை இரு பகுதிக்கும் இடையே இட்டு அமர்ந்தார். அடுத்த ஆண்டு மரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்கு அரங்கு மறுத்த மாதர் சங்கத்திலிருந்து விலகினார். ஒதுக்கி நிறுத்தப்படுவது எத்தகைய வேதனை என்பதை வாயிற்படியில் நின்ற அச்சிறுமி மறக்கவில்லை போலும்.

கணவர் மறைந்த பின்னரே அவருடைய தலையாய பணி தொடங்கிற்று. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் குழுவுக்குத் தலைமை பூண்டார். வரைவின் முதற்பிரிவில் ஆடவரை மட்டும் குறிக்கக்கூடிய சொல் இருந்தது. அச்சொல் பெண்களையும் உட்கொள்ளும் என்றே அம்மையார் கருதினார். நம் நாட்டின் பிரதிநிதி ஹன்சா மேத்தா அம்மையார் அதனை மறுத்துரைத்தார். முடிவில் மனிதப் பிறவிகள் அனைவரும் என்று பொருள்படும் சொல்லே நிலைத்தது. 1948 டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரில் 30 பிரிவுகள் கொண்ட அப்பிரகடனம் நிறைவேறியது. 48 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. பிறக்கும்போதே எல்லாரும் மாண்பில் சமம் என்பது அதன் முதல் வாசகத்தின் கருத்து. அதனைக் கூறிய பேரவைக்கு வழிகாட்டியவர், பிறந்த வீட்டில் மாண்பு மறுக்கப்பட்ட ஒருவர் என்பது நினைவுகூரத் தக்கது.

அம்மையார் 1952இல் இந்தியாவுக்கும் வந்து சென்றார். 1962ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் காலமானார்.

தாயைப் பற்றி அவர் முடிவில் என்ன கருதினார்? அவர் எழுத்துகளில் வெறுப்பு இல்லை. பொய்யான புகழ்ச்சியும் இல்லை. குடிகாரக் கணவரோடு இளம் வயதில் அல்லற்பட்ட ஒரு பெண்ணாக அன்னாவைப் பார்க்க அவரால் முடிந்தது. ஆயினும் நடந்தது நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்வது எளிதன்று. தாயின் துன்பத்தை உணர்வதற்காகத் தன் துன்பத்தை மறுக்கவேண்டியதில்லை. தன் துன்பத்தைச் சொல்வதற்காகத் தாயை வெறுக்கவேண்டியதும் இல்லை.

வீட்டில் புண்பட்ட நம் அன்பர்களுக்கு நாம் கூறவிரும்புவது இதுவே. உங்களைப் பற்றி முதன்முதலில் சொல்லப்பட்ட சொல், உங்களைப் பற்றிய கடைசிச் சொல் அன்று. உண்மையாக உங்களை மதிக்கும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் வீட்டு வாயிற்படியில் ஒரு குழந்தை ஒதுங்கி நின்றால், அதனை உள்ளே அழைத்து மடியில் இருத்திக்கொள்ளுங்கள். அந்தப் புண் உங்களோடு ஆறட்டும்.