தெருவைச் சுத்தமாக்க முதலில் சூப்பர்வைசர்களை மாற்றியவர்: யார் இந்த கர்னல் வேரிங்?

1890-களின் நியூயார்க் என்றதும் உயரமான கட்டடங்களும் கோட் போட்ட கனவான்களும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், அன்றைய தெருவில் இறங்கி நடந்திருந்தால் கதையே வேறு. நகரத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள். ஒரு குதிரை ஒரு நாளைக்குப் போடும் சாணம் மட்டும் சுமார் 10 கிலோ. கூடவே வீட்டுக் குப்பை, அடுப்புச் சாம்பல், ராத்திரி தெருவோரம் அவிழ்த்துவிடப்பட்ட வண்டிகள். ஏழைகள் குடியிருந்த பகுதிகளில் சாலையே கண்ணுக்குத் தெரியாது.

அப்போ துப்புரவுத் துறைன்னு ஒன்று இல்லையா? இருந்தது. பட்ஜெட்டும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். பிரச்சினை வேறு இடத்தில். நகர அரசியலைக் கையில் வைத்திருந்த ‘டாம்மனி ஹால்’ கோஷ்டிக்கு அந்தத் துறை ஒரு வேலைவாய்ப்பு அலுவலகம் மாதிரி. கட்சிக்காரர் கைகாட்டினால் வேலை, முறைத்தால் வேலை போச்சு. ஒரு பகுதியின் மேஸ்திரிக்குத் தெரு சுத்தமாக இருக்கிறதா என்பதைவிட, தன்னை உட்காரவைத்தவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்பதுதான் முக்கியம்.

1894 தேர்தலில் டாம்மனி தோற்றது. புதிய மேயர் வில்லியம் ஸ்ட்ராங், துப்புரவுத் துறையை எடுத்துக்கொள்ளும்படி முதலில் தியோடர் ரூஸ்வெல்ட்டைக் கேட்டார். ஆம், பின்னாளில் அமெரிக்க அதிபரான அதே ரூஸ்வெல்ட். அவர் மறுத்துவிட்டு காவல்துறைப் பக்கம் போனார். 1895-ல் அந்த நாற்காலிக்கு வந்தவர்தான் ஜார்ஜ் வேரிங்.

வேரிங் அதற்கு முன்பே பெயர் வாங்கியவர்தான். 1833-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். விவசாயம் படித்து, வயலில் தேங்கும் தண்ணீரை வடியவைப்பதில் நிபுணரானார். சென்ட்ரல் பார்க் உருவானபோது அந்தச் சதுப்பு நிலத்துக்கு வடிகால் அமைத்தது இவர். உள்நாட்டுப் போரில் வடக்கு அணியின் குதிரைப்படையில் கர்னல். 1878-ல் மஞ்சள் காய்ச்சல் மெம்ஃபிஸ் நகரத்தில் 5,000-க்கும் அதிகமானோரைக் கொன்ற பிறகு, அங்கே புதிய பாதாளச் சாக்கடையை வடிவமைத்ததும் இவர்தான்.

முதலில் மாறியது யார்?

இப்படி ஒரு பதவிக்கு வருபவர் பொதுவாக என்ன செய்வார்? கீழே இருப்பவர்களைக் கூண்டோடு தூக்குவார். வேரிங் தலைகீழாக யோசித்தார். துடைப்பம் பிடித்தவர்களில் பலரை அப்படியே வைத்துக்கொண்டார், டாம்மனி காலத்தில் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தேதான். கை வைத்தது மேலே. மாவட்டக் கண்காணிப்பாளர் போன்ற பொறுப்புகளுக்கு ராணுவப் பயிற்சியோ பொறியியல் படிப்போ இருந்த இளைஞர்களைக் கொண்டுவந்தார். எந்தக் கட்சி என்று யாரும் கேட்கப்போவதில்லை, வேலை மட்டும்தான் கணக்கு என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கட்சிக்காரரின் பிடி தளர்ந்தால் அந்த அதிகாரம் முழுக்க மேஸ்திரி கைக்கு வந்துவிடும். அவர் ஒருவரைப் பிடிக்காமல் வெளியே அனுப்பினால் யாரிடம் போய்ச் சொல்வது?

வேரிங்கின் பதில்தான், என் பார்வையில், அவர் செய்ததிலேயே பெரிய விஷயம். ஒவ்வொரு பணிமனையிலும் தொழிலாளர்களே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 41 பேர். அதிகாரிகள் யாரும் உடன் இல்லாமல் இவர்கள் கூடி, புகார்களைப் பேசுவார்கள். பேசியும் தீராதது அடுத்த சபைக்குப் போகும். அதில் தொழிலாளர் தரப்பில் 5 பேர், கமிஷனர் நியமித்த அதிகாரிகள் 5 பேர். சரிசமம்! அங்கேயும் முடியாவிட்டால்தான் கமிஷனர். அவர் மேஜை வரைக்கும் வந்தவை மிகச் சொற்பம்.

நேற்றுவரை அதட்டி மட்டுமே பழகிய மேற்பார்வையாளர், தான் போட்ட தண்டனைக்குக் காரணம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. அதுவும் துடைப்பம் பிடிப்பவர் எதிரே உட்கார்ந்து கேட்கும்போது. தனியாக வகுப்பு எடுத்தெல்லாம் இதைக் கற்றுக்கொடுத்திருக்க முடியுமா, தெரியவில்லை.

வெளியே தெரிந்த மாற்றம் சீருடை. தலை முதல் கால் வரை வெள்ளை. குப்பை அள்ளுபவருக்கு வெள்ளையா என்று ஊரே சிரித்தது. ஆனால், வெள்ளையில் இருப்பவர் மதுக்கடையில் ஒதுங்கினால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அதோடு, மருத்துவம், சுகாதாரம் என்ற எண்ணமும் வரும். 1896-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் ஐந்தாவது அவென்யூவில் அணிவகுத்தார்கள். முன்னால் குதிரையில் வேரிங். சிரிக்க வந்த கூட்டம் கைதட்டியது. ‘வெள்ளைச் சிறகுகள்’ என்ற பெயர் நிலைத்தது.

குறையே இல்லாதவரா?

அப்படியும் இல்லை. வாய் கொஞ்சம் நீளம். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தைக் குடிகாரர்கள் என்கிற ரீதியில் திட்டி, பதவி போகும் அளவுக்குச் சர்ச்சையில் மாட்டினார். அறிவியலிலும் பழைய ஆள். கிருமிகளைப் பற்றி உலகம் பேசத் தொடங்கிய பிறகும், சாக்கடையிலிருந்து எழும் வாயுதான் நோய்களுக்குக் காரணம் என்று நம்பினார்.

1897 தேர்தலில் டாம்மனி மீண்டும் வென்றது. 1898 தொடக்கத்தில் வேரிங் வெளியேறினார். அதே ஆண்டு, ஸ்பெயினுடனான போர் முடிந்ததும், ஹவானா நகரத்தைச் சுத்தப்படுத்தத் திட்டம் போட அமெரிக்க அரசு அவரை கியூபாவுக்கு அனுப்பியது. அக்டோபரில் திரும்பி வந்தவருக்குக் காய்ச்சல். மெம்ஃபிஸில் அவர் எதிர்த்து நின்ற அதே மஞ்சள் காய்ச்சல். அக்டோபர் 29-ம் தேதி இறந்தார், வயது 65. அந்த நோயைப் பரப்புவது வாயு இல்லை, கொசு என்று கியூபாவிலேயே வால்டர் ரீட் குழு நிரூபித்தது 1900-ல்.

வெள்ளைச் சீருடை மட்டும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நியூயார்க் தெருக்களில் இருந்தது.