நல்ல நுண்ணுயிர் தேடியவர்

நுழையும்முன்

மதுரைச் சித்திரைத் திருவிழாவின் வெயிலில் நீர்மோர்ப் பந்தல்கள் மக்களின் தாகம் தணிக்கின்றன. வைகைச் சமவெளி உழவர்கள் நீராகாரம் அருந்தி வயலுக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். மோருக்கும் நீராகாரத்துக்கும் புளிப்பைத் தரும் பாக்டீரியாக்கள் நம் குடலுக்கு நன்மை செய்கின்றனவா? இத்தகைய வினாவை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்றவர் இலியா மெச்னிகோவ்.

முள் தந்த வெளிச்சம்

அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகருக்கு அருகில் 1845ஆம் ஆண்டு மெச்னிகோவ் பிறந்தார். ஒடெசாவில் பேராசிரியராக விளங்கிய அவர், 1873இல் தம் மனைவியைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். துயரம் மிகுந்தபோதும் பின்னர் ஆய்வுக்குத் திரும்பினார். 1882இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில், நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் ரோசா முள்ளைச் செருகினார். மறுநாள் முள்ளைச் சூழ்ந்து செல்கள் திரண்டிருந்தன. உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கிக் காக்கும் செல்கள் உண்டு என்னும் கொள்கை அதிலிருந்து உருவாயிற்று. அதற்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரே கிருமி, இரு விளைவு

1888இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்த மெச்னிகோவின் கவனம் காலராவின்பால் சென்றது. 1892இல் காலராக் கிருமிகளைத் தாமே பருகினார். நோய் அவரை அண்டவில்லை. பின்னர் அவற்றைப் பருகிய மற்றொருவரோ மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். இவ்வேறுபாட்டின் காரணத்தை அவர் தேடினார். வளர்தட்டுகளில் பிற நுண்ணுயிரிகளைக் காலராக் கிருமியுடன் சேர்த்து வளர்த்துப் பார்த்தார். சில அதன் வளர்ச்சியைத் தூண்டின, சில தடுத்தன. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல என்பதை இவ்வொப்பீடு உணர்த்தியது. அவரிடம் பயின்ற ஹாஃப்கின் 1893இல் இந்தியாவுக்கு வந்து காலராத் தடுப்பூசியைச் செலுத்தினார்.

புளித்த பாலின் புகழ்

பல்கேரிய உழவர்கள் புளித்த பாலை உண்டு நீண்டநாள் வாழ்வதாகக் கூறப்பட்டது. அந்நாட்டு மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ் 1905இல் அப்பாலிலுள்ள பாக்டீரியாவைக் கண்டறிந்தார். பெருங்குடலில் உணவு அழுகுவதால் தோன்றும் நஞ்சே முதுமையை விரைவுபடுத்துகிறது என்று மெச்னிகோவ் கருதினார். லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அவ்வழுகலைத் தடுக்கும் என்று நம்பித் தாமும் புளித்த பாலை நாள்தோறும் பருகினார். புளித்த பாலின் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவியது. 1916இல் தமது 71ஆம் வயதில் அவர் மறைந்தார்.

வினாவே வழிகாட்டி

புகழ் பெற்ற விடையும் சோதனைக்கு உட்பட்டதே. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரெட்கரும் செப்லினும் 1921இல் வெளியிட்ட ஆய்வு, பல்கேரிய பாக்டீரியா மனிதக் குடலில் நிலைபெறுவதில்லை எனக் காட்டியது. அசிடோபிலஸ் என்னும் மற்றொன்று அவ்விடத்தில் வளரக்கூடியது எனவும் கண்டது. பெருங்குடல் நஞ்சைப் பற்றிய மெச்னிகோவின் கருத்தும் நிலைக்கவில்லை. ஆயினும், எந்த நுண்ணுயிர் நன்மை தரும் என்ற அவரது வினா நிலைத்தது.

இன்று ஒரு பாக்டீரியாவை நன்மை தருவது எனக் கொள்ளுமுன் பல சோதனைகள் செய்யப்படுகின்றன. இரைப்பையின் அமிலத்தையும் பித்தநீரையும் அது தாங்குமா, குடற்சுவரில் ஒட்டுமா, நோய்க்கிருமியை எதிர்க்குமா, மனிதருக்குப் பயன் தருமா என ஒவ்வொன்றும் ஒப்பிடப்படுகிறது. ஓர் இனத்தின் உள்வகைகளுக்குள்ளும் இத்திறன்கள் வேறுபடுகின்றன. எனவே, புளிப்பு இருப்பதனாலேயே ஒரு பாக்டீரியா நலம் தருவதாகிவிடாது. பழமையும் புகழும் சான்றாகா. தம் உடலையே ஆய்வுக்களமாக்கிய அறிஞரின் கருத்தும் சோதனைக்கு அடங்கியது என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் அறிவியல் நெறி.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டில் தயிர், நீராகாரம், இட்லி மாவு ஆகியவை புளிக்க எடுக்கும் நேரத்தைக் குறித்து, வேறுபாட்டிற்கான காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.